தைத்து ஒட்டும் படகு

1963-இல் பிரிட்டனில் 'மிரர்' என்றொரு சின்னப் பாய்மரப் படகு வந்தது. பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழை நாடாவை ரெசின் என்ற பிசினோடு ஒட்ட வேண்டும். தச்சு வேலை பழகாதவர்களும் வீட்டிலேயே கட்டிவிட்டார்கள். இன்று வீட்டுக் கொட்டகையில் மரக் கனூ என்ற துடுப்புப் படகு கட்டும் பலருக்கும் இதுதான் வழி. ரெசின் மட்டும் இப்போது எபாக்சி, அதாவது ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்தால் கெட்டியாகும் பிசின்.

நம் சோழமண்டலக் கரையின் மசூலா படகும் தைத்த படகுதான். ஆனால் அங்கே தென்னங்கயிற்றுத் தையலே கடைசிவரை பலகைகளைத் தாங்கும். கனூவிலோ, எபாக்சி இறுகியதும் கம்பியை உருவிவிடலாம்.

எபாக்சி பெயின்ட் மாதிரி காய்வதில்லை. ரெசின் மூலக்கூறின் முனைகளில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு கார்பனும் நெருக்கியடித்த முக்கோண வளையமாக இருக்கின்றன. ஹார்டனரில் உள்ள அமீன் அந்த வளையத்தைத் திறந்து கைகோக்கிறது. ஒவ்வொன்றும் பலவற்றோடு கோக்க, கடைசியில் எல்லாம் ஒரே வலை. அதனால்தான் அளவு பிசகக் கூடாது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், ஜோடி கிடைக்காத அமீன் உள்ளே தங்கி பூச்சைப் பலவீனமாக்கிவிடும்.

வளையம் திறக்கும்போது சூடு பிறக்கும். கலவை கப்பில் குவிந்து கிடந்தால் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. சூடு வினையை முடுக்க, வினை சூட்டைக் கூட்ட, கையில் பிடிக்க முடியாதபடி கப் கொதிக்கும். பிளாஸ்டிக் நெளிந்து புகை கிளம்பும். கலந்தவுடன் அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மெதுவாக இறுகும் ஹார்டனர்தான் சரி.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம், மரத்தின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரிப்பது. வெள்ளை வெளேரென்று கிடக்கும் துணி, எபாக்சி ஊற ஊறக் கண்ணெதிரே மறைந்து, மரத்தின் ரேகை துலங்கும். கண்ணாடி இழை, எபாக்சி இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 1.5, ஒளி சிதற இடமில்லை. எங்காவது வெள்ளையாகத் தெரிந்தால் அங்கே காற்று மாட்டியிருக்கிறது என்று பொருள்.

பூசும் நேரமும் முக்கியம். காலையில் வெயில் ஏற ஏற மரத்துளைக் காற்று விரிந்து குமிழாகக் கிளம்பும். மாலையில் மரம் குளிரும்போது பூசினால் காற்று சுருங்கி, எபாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. தோலில் படப்படப் பலருக்கு ஒவ்வாமை வந்து, பிறகு வாழ்நாள் முழுக்க எபாக்சிப் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும்.

தண்ணீருக்கு அசையாத எபாக்சி, வெயிலின் புற ஊதாக் கதிருக்கு மட்டும் மங்கிப் பொடியும். அதற்குத்தான் மேலே வார்னிஷ். அது தேயத் தேய மறுபடி பூசிக்கொள்ள வேண்டும்.