டைல்ஸ் மட்டும் தெரிந்த கால்கள்

"மிஸ், இவர் அடிக்கடி விழுறார். கால்ல ஏதும் பலவீனமோ?"

கொழும்பு வெள்ளவத்தையில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்யும் எனக்குக் கிழமைக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். போன வருடம் இப்படிக் கேட்டு வந்தவர் நாலு வயது மகனைக் கூட்டிவந்த ஓர் அம்மா. கூடவே அம்மம்மாவும் வந்திருந்தார். பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்தேன். படியேறச் சொன்னேன். தரையில் இருந்து கையூன்றாமல் எழும்பச் சொன்னேன். தசை, மூட்டு, பாதம் எல்லாம் பார்த்தாயிற்று. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் மூலையில் கிடந்த தடித்த மெத்தையைக் காட்டி, அதன்மேல் ஏறி என்னிடம் வா என்றேன். ஒரு காலை வைத்தான். மெத்தை அமிழ்ந்தது. சுடுதண்ணீரில் வைத்தவன் போலக் காலை எடுத்துக்கொண்டு அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கடைசியா எப்ப வெறுங்காலோட மண்ணில நடந்தவர்?" என்று கேட்டேன்.

அம்மா யோசித்தார். அம்மம்மாதான் பதில் சொன்னார்: "போன வருசம் ஊருக்குப் போனநேரம். அதுவும் முத்தத்தில செருப்போடதான் இறக்கிவிட்டவை."

அந்தக் கால்களில் நோய் எதுவும் இல்லை. தொடர்மாடி வீட்டின் டைல்ஸ், லிஃப்ட், வான், முன்பள்ளியின் சீமெந்துத் தரை, பின்னேரம் திரும்பவும் லிஃப்ட். நாலு வருடத்தில் அவை பழகியது இவ்வளவுதான். பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. காலி வீதியை அண்டிய ஒழுங்கை ஒன்றில் ஐந்தாம் மாடியில் வாழ்கிறவர்கள் முற்றத்துக்கு எங்கே போவது? ஆனால் இந்த இடைவெளியை வீட்டில் உள்ளவர்கள்தான் நிரப்ப வேண்டும். என் அறையில் நடக்கும் அரை மணித்தியாலப் பயிற்சி அதற்குக் காணாது.

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று பேர் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கண் ஒருவர். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு இன்னொருவர். பாதத்தின் தோலிலும், தசையிலும், மூட்டிலும் இருக்கும் உணர்வு நரம்புகள் மூன்றாமவர். வழுவழுப்பான சமதரையில் ஒவ்வோர் அடியும் முந்திய அடியைப் போலவே இருப்பதால் பாதத்துக்கு மூளையிடம் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்காது. மணலில் அப்படியல்ல. ஓரடி ஆழமாய்ப் போகும், அடுத்தது வழுக்கும், மூன்றாவதில் சிப்பி குத்தும். ஒவ்வொன்றுக்கும் கணுக்கால் திருத்திக்கொள்ள வேண்டும், இடுப்பு திருத்திக்கொள்ள வேண்டும், கை விரிய வேண்டும். ஒரு மணித்தியாலம் கடற்கரையில் அலையும் பிள்ளை இந்தத் திருத்தத்தை ஆயிரக்கணக்கான தடவை செய்துவிடும். எந்தப் பயிற்சிப் பந்தாலும் நான் அதைச் செய்விக்க முடியாது.

உலக சுகாதார அமைப்பு 2019 இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கென ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. மூன்று, நாலு வயதில் ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைய வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடித் துள்ளுவதாக இருக்க வேண்டும், திரைக்கு முன்னால் இருப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது அது. மூன்று மணித்தியாலமா என்று பெற்றோர் திகைப்பார்கள். ஒரேயடியாக இல்லை, காலையில் இருந்து இரவு வரை சேர்த்துத்தான். வெளியே இறக்கிவிட்டால் அது தானாக நிரம்பும். வீட்டுக்குள் வைத்து நிரப்புவதுதான் பெரிய பாடு.

அந்த அம்மாவுக்கு நான் வீட்டுப் பயிற்சித் தாளில் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ஞாயிறு காலை, கடற்கரை, வெறுங்கால், ஒரு மணித்தியாலம்.

அவர்கள் இருக்கும் ஒழுங்கை எனக்கும் கிட்ட என்பதால் முதல் ஞாயிறு நானும் போனேன். ஏழு மணி இருக்கும். மணலில் இறக்கிவிட்டதும் அவன் இரண்டு பாதத்தையும் நுனிவிரலில் ஊன்றி, குதிக்கால் படாமல், கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றான். முகம் அழுகைக்குத் தயார். அம்மா தூக்கப் போனார். கொஞ்சம் பொறுங்கோ என்றேன். அம்மம்மா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றி, சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் தன் இரண்டு காலையும் மணலுக்குள் புதைத்தார். "ஐயோ, என்ர காலைக் காணேல்லை" என்றார். அவன் குனிந்து பார்த்தான். பிறகு குந்தியிருந்து கையால் மணலைக் கிளறி, அம்மம்மாவின் பெருவிரலைக் கண்டுபிடித்தான். அப்படிக் குந்தியபோதே அவனுடைய குதிக்கால் மணலில் முழுதாகப் பதிந்திருந்தது. அவனுக்கு அது தெரியாது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர்கள் நடந்த தூரம் முப்பது மீற்றர் இருக்குமோ என்னவோ. ஒரு நண்டு வளை, ஒரு தேங்காய் மட்டை, ஈரமணலில் காக்கையின் காலடி. அவ்வளவுதான். சின்னப் பிள்ளையோடு வெளியே போகிறவர்கள் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும். போய்ச்சேரும் இடம் பெரியவர்களுக்குத்தான் முக்கியம். பிள்ளைக்கு வழியில் கிடக்கிற கல்தான் பயணம். "வா வா, இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனால், நடந்த களைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

நிறையக் குடும்பங்கள் வருடத்தில் ஒரு தடவை நுவரெலியாவுக்கோ எல்லவுக்கோ போய்வந்து, பிள்ளையை வெளியே கூட்டிப்போயாயிற்று என்று திருப்திப்படுகின்றன. போகட்டும், நல்லதுதான். ஆனால் ஐந்து மணித்தியாலம் வானில் இருந்துவிட்டு ஒரு நாள் மலையில் நிற்பதைவிட, கிழமைக்கொரு தடவை கிட்டடியில் ஒரு மணித்தியாலம் நிற்பது அந்தக் கால்களுக்குப் பல மடங்கு பயன். உடம்பு திரும்பத் திரும்பச் செய்துதான் படிக்கிறது.

கொழும்பில் அதற்கு இடம் இருக்கிறது. காலிமுகத்திடல் நடைபாதையில் ஒரு கல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1856 இல் தொடங்கி 1859 இல் முடிந்த அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பேணிவரும்படி ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் தனக்குப் பின் வருபவர்களிடம் கேட்டுக்கொண்டது அதில் பொறித்திருக்கிறது. அந்த வேண்டுகோளை நான் இன்னும் நம்மீதான கடமையாகவே எடுத்துக்கொள்கிறேன். அங்கே போனால் இறால் வடைக் கடையோடு நின்றுவிடாமல், புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காற்றுக்கு எதிரே ஓடவிடுங்கள். காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடுவதும் ஒரு பலப்பயிற்சி. பட்டம் பிடித்துக்கொண்டு பின்பக்கமாய் நடப்பது அதைவிட நல்லது.

விஹாரமகாதேவி பூங்காவில் பழைய மரங்களின் வேர்கள் நிலத்துக்கு மேலே ஓடுகின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மலையேற்றம். கொள்ளுப்பிட்டியில் ரயில் ஏறிக் கல்கிசையில் இறங்குவது இன்னொரு நல்ல பயணம். இடையில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று மூன்றே நிலையங்கள், வலப்பக்க யன்னல் முழுக்கக் கடல். மெதுவாய்ப் போகும் ரயிலாகப் பார்த்து, சனம் குறைந்த ஞாயிறு காலையில் போங்கள். கோட்டே பக்கம் போக முடிந்தால் பெத்தகான ஈரநிலப் பூங்கா. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018 இல் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதற்குக் காரணமான சதுப்பு நிலங்களில் இதுவும் சேர்த்தி. நீருக்கு மேலாகப் போகும் பாதையில் நின்று கபரகொய்யா நீந்துவதைப் பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்து தரையில் வயிற்றால் ஊர்ந்து காட்டும். அதுவும் தோளுக்கும் முதுகுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அங்கே பாதையை விட்டு நீரோரம் இறங்க விடாதீர்கள். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நீரில் முதலையும் உண்டு.

சரி, அங்கே போனபின் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்? வாயைக் கொஞ்சம் அடக்க வேண்டும். "கவனம், கவனம்" என்று நிமிடத்துக்கொரு தடவை சொன்னால் பிள்ளை பயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். எதைக் கவனிப்பது என்று அதற்குத் தெரியாது. "அந்தக் கல் ஆடுது, காலால அமத்திப் பார்", "இடக்கையால வேரைப் பிடி" என்று சொல்லிப் பாருங்கள், உடனே செய்யும். ஏறுவதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: தானாக ஏறக்கூடிய உயரம் வரை ஏறட்டும், நாம் தூக்கி மேலே வைக்கக்கூடாது. தானே ஏறிய பிள்ளைக்கு இறங்கும் வழி பெரும்பாலும் தெரிந்திருக்கும். தூக்கி வைக்கப்பட்ட பிள்ளைக்குத் தெரியாது.

முழங்காலில் உரசல், உள்ளங்கையில் கீறல் வரும். கழுவித் துடைத்தால் போதும். ஆனால் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு காயம் விளையாட்டால் வருவதில்லை, நம் அன்பால் வருகிறது. அப்பா ஒரு கை, மாமா ஒரு கை பிடித்து, நடுவில் பிள்ளையைத் தூக்கி ஊஞ்சலாட்டுவது. அல்லது நடக்க மறுக்கும் பிள்ளையை ஒரு கையில் பிடித்துச் சடாரென்று இழுப்பது. ஒன்றில் இருந்து நாலு வயது வரை முழங்கையில் எலும்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் நார் இன்னும் இறுகியிருக்காது. நீட்டிய கையை இழுக்கும்போது எலும்பின் தலை அந்த நாரில் இருந்து நழுவிவிடும். பிள்ளை அழும், பிறகு அந்தக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு எதையும் எடுக்காது. வீக்கமும் பெரிதாக இருக்காது, அதனால் பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். இதைச் செய்யத் தெரிந்த டொக்டர் சில நொடியில் சரிசெய்துவிடுவார். நீங்களாகத் திருகிப் பார்க்க வேண்டாம். தூக்குவதென்றால் கமக்கட்டில் பிடித்துத் தூக்குங்கள். இதை மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மணலுக்குப் போகத் தண்டவாளம் கடக்க வேண்டும். எனக்கு உண்மையில் பயம் தருவது கடலைவிட இதுதான். அங்கே இருப்பது இரட்டைப் பாதை. ஒரு ரயில் போய்விட்டது என்று காலை வைக்கும் நேரம் எதிர்ப்பக்கத்தில் இருந்து மற்றது வரலாம், முதலாவதின் சத்தத்தில் அது கேட்காது. கடக்கும் இடத்தில் மட்டும் கடவுங்கள், அந்த ஒரு நிமிடம் பிள்ளை உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் நம் பக்கக் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களிலும் தண்ணீருக்குக் கிட்ட நின்றால் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும். காலையில் போவதே நல்லது. வெயிலுக்கும் அதுதான் நல்லது, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

நுளம்பு பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. நியாயமான பயம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, விடிந்த பின்னும் பொழுதுபடுவதற்கு முன்னும் கூடுதலாய்க் கடிக்கும். ஆகவே பூங்காவுக்கும் சதுப்புப் பக்கமும் போகும்போது முழுக்கைச் சட்டை, நீளக் கழிசான், பிள்ளையின் வயதுக்கேற்ற நுளம்பு விரட்டி. காற்று அடிக்கும் திறந்த கடற்கரையில் நுளம்புத் தொல்லை குறைவு. காய்ச்சல் வந்தால் வயதுக்குரிய அளவில் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள். பயத்தில் பிள்ளையை வீட்டுக்குள் அடைத்தாலும், பல்கனிப் பூச்சாடித் தட்டில் தண்ணீர் நின்றால் அந்த நுளம்பு வீட்டுக்குள்ளேயே வளரும்.

இன்னொன்று. தட்டைப் பாதம் என்று சொல்லி விலைகூடிய சப்பாத்தோடு என்னிடம் வருகிறவர்கள் பலர். ஆறு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகளின் பாதம் தட்டையாகத்தான் தெரியும். நுனிவிரலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது வளைவு தெரிந்தால், வலியும் இல்லாவிட்டால், அந்தக் காசைச் சேமித்து வையுங்கள். ஆனால் இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்: பதினெட்டு மாதமாகியும் தனியே நடக்காத பிள்ளை, மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலிலேயே நடக்கும் பிள்ளை, ஒரு பக்கக் கைகாலை மட்டும் பாவிக்கும் பிள்ளை, நொண்டிக்கொண்டு எழும்பும் பிள்ளை, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போன பிள்ளை. இவர்களைக் கடற்கரைக்கு முன்னால் டொக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ஆறு கிழமை கழித்து அந்தக் குடும்பம் திரும்ப வந்தது. கேட்கமுன்னமே மகன் மெத்தையில் ஏறி, நடுவில் இரண்டு தடவை ஆடி, ஒரு தடவை கையூன்றி, இந்தப் பக்கம் இறங்கினான். "இன்னும் விழுறார்தான் மிஸ்" என்றார் அம்மா, "ஆனா இப்ப தானே எழும்பி ஓடுறார்." போகும்போது அம்மம்மா மட்டும் கதவடியில் நின்றார். மணலில் நடந்து வந்தால் முழங்கால் கொஞ்சம் நோகுதாம், அதற்காக ஞாயிற்றுக்கிழமையை விடச் சொல்லிவிடுவேனோ என்று பயம். உட்காரவைத்துப் பார்த்தேன். காய்ந்த பொருபொருத்த மணலை விட்டு, அலை வந்து போய் நனைந்து இறுகிய மணலில் நடக்கச் சொன்னேன், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கல்லில் இருந்து ஆறச் சொன்னேன். "அப்ப போகலாம்தானே?" என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் எழும்பினார்.