விசுவாசமா, நம்பிக்கையா?

1 கொரிந்தியர் 13:13ஐ இரண்டு தமிழ் வேதாகமங்களில் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று இருக்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வரும். முதல் வரிசையில் இரண்டாவதாக நின்ற நம்பிக்கை இங்கே முன்னால் வந்துவிட்டது. கிரேக்க மூலத்தில் முதல் சொல் பிஸ்திஸ் (ஒருவரை நம்பிப் பற்றியிருத்தல்), இரண்டாவது எல்பிஸ் (வரப்போவதை எதிர்பார்த்திருத்தல்). பழைய மொழிபெயர்ப்பு எல்பிஸுக்கு நம்பிக்கை என்று போட்டது; புதியது பிஸ்திஸுக்கு அதே சொல்லைப் போட்டது. ஆக, "உனக்கு நம்பிக்கை இருக்கிறதா?" என்று ஒரு கிறிஸ்தவர் இன்னொருவரைக் கேட்டால், எதைக் கேட்கிறார் என்பது அவர் கையில் எந்த வேதாகமம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது!

இதில் யார் சரி, யார் தவறு என்று சண்டை போடுவது சுலபம். "விசுவாசம் வடசொல், நம்பிக்கை தமிழ், அதனால் நம்பிக்கைதான்" என்று ஒரு பக்கம். "நம்பிக்கை உலகத்தாருக்கும் உண்டு, விசுவாசம் நமக்கு மட்டும்" என்று இன்னொரு பக்கம். இரண்டும் அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். இந்தச் சொற்களின் பழைய வாழ்க்கையைக் கொஞ்சம் கிளறினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் நம்பிக்கை. தொல்காப்பியத்தின் உரியியலில் ஒரு சின்ன நூற்பா உண்டு: "நம்பும் மேவும் நசையா கும்மே". நம்பு, மே என்ற இரண்டு உரிச்சொற்களுக்கும் நசை என்று பொருள். நசை என்றால் விருப்பம், ஏக்கம். அதாவது பழைய தமிழில் நம்புதல் முதலில் மனம் ஒன்றை நாடுவது. 'இது உண்மை' என்று மூளை ஒத்துக்கொள்வது பிறகு வந்து சேர்ந்த பொருள். இதைத் தெரிந்துகொண்டால் பழைய மொழிபெயர்ப்பு நம்பிக்கையை எல்பிஸுக்குக் கொடுத்தது பிழையாகத் தெரியாது. வரப்போவதை ஆசையோடு பார்த்திருப்பதுதானே எல்பிஸ். எபிரெயர் 11:1இல் "நம்பப்படுகிறவைகளின் உறுதி" என்ற தொடர் பலரைக் குழப்பும். 'விசுவாசம் என்பது விசுவாசிக்கப்படுகிறவைகளின் உறுதி' என்று சுற்றிச் சுற்றி வருவதுபோல இருக்கும். அங்கே நம்புவது எதிர்பார்த்து ஏங்குவது என்று படித்தால் வசனம் நேராகிவிடும்.

ஒருவரை நம்புதல் என்ற பொருளுக்குக் குறளில் வேறொரு சொல் வருகிறது: தெளிவு. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் ஒருவனை நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் அவனைச் சந்தேகிப்பதும் துன்பம். கலங்கிய நீர் தெளிவதைச் சொல்லும் சொல்லையே ஒருவர்மேல் வைக்கும் நம்பிக்கைக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் இப்படி ஒரு சொல் கையிலிருந்தும் கிறிஸ்தவ எழுத்தில் அது இந்தப் பொருளில் வேர் பிடிக்கவில்லை. எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு.

இனி விசுவாசம். வடமொழி விச்வாஸ என்பதன் தமிழ் வடிவம். வேர் ச்வஸ், மூச்சுவிடுதல். நாம் சொல்லும் சுவாசமும் அதே வேர்தான். பிரசங்கங்களில் "விசேஷ சுவாசம்தான் விசுவாசம்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது, ஆனால் சொல் அப்படிப் பிறக்கவில்லை. வி என்ற முன்னொட்டு சேர்ந்த வினைக்கு வடமொழியில் தடையில்லாமல் மூச்சுவிடுதல், அச்சம் நீங்கி இருத்தல் என்று பொருள். அதிலிருந்து ஒருவரை நம்புதல் என்ற பொருள் வளர்ந்தது. பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பயம் போனதும் 'அப்பாடா' என்று விடுவான். அந்த 'அப்பாடா'வில் பிறந்த சொல் இது. பிரசங்க விளக்கத்தைவிட இது எனக்கு அதிகம் பிடிக்கிறது.

சபைக்கு வெளியே இந்தச் சொல்லை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? "நாய் விசுவாசமுள்ள பிராணி." "இத்தனை வருஷம் சோறு போட்டவருக்கு விசுவாசமாக இருக்க வேண்டாமா?" "ராஜ விசுவாசம்." எங்கேயும் 'கண்ணால் காணாத ஒன்றை உண்மை என்று ஏற்றுக்கொள்வது' என்ற பொருள் இல்லை. எல்லா இடத்திலும் விட்டுப்போகாமல் நிற்பதுதான். சபைக்குள்ளே நாம் கற்றுக்கொண்ட பொருளைவிட இந்தத் தெருப் பொருள்தான் வேதாகமத்தின் மூலச் சொல்லுக்குக் கிட்ட நிற்கிறது என்று நான் சொல்வேன்.

ஏன் என்றால், எபிரெயத்தில் இதற்கு இருக்கும் வேர் அமன். உறுதியாயிருத்தல், தாங்குதல் என்று பொருள். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ஆமென் இதே வேரிலிருந்து வந்தது. (அதை 'ஆம்' என்ற தமிழ்ச் சொல்லோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. ஓசை ஒத்துப்போவது தற்செயல்.) ஆதியாகமம் 15:6இல் ஆபிராம் கர்த்தரை விசுவாசித்தான் என்ற இடத்தில் வரும் வினை இந்த வேரினுடையது. ஏசாயா 7:9இல் தீர்க்கதரிசி அதே வேரை இரண்டு தடவை திருப்பிப்போட்டு விளையாடுகிறார். தமிழில் "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்று வருகிறது. விசுவாசிப்பதும் நிலைபெறுவதும் மூலத்தில் ஒரே வேரின் இரண்டு கிளைகள். தமிழில் அந்தச் சிலேடை போய்விட்டது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

இந்த வேரின் பெயர்ச்சொல் எமுனா. அது வரும் ஒரு இடத்தைப் பார்த்தால் சொல்லின் எடை கைக்குக் கிடைக்கும். யாத்திராகமம் 17இல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மோசே கையை ஏறெடுத்திருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள், கை தாழ்ந்தால் அமலேக்கு மேற்கொள்கிறான். கை அசந்துபோகிறது. ஒரு கல்லை எடுத்துப்போட்டு அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை கைகள் ஒரே நிலையாக இருந்தன என்கிறது வசனம். அந்த 'ஒரே நிலை'தான் எமுனா. அங்கே மனதில் என்ன நினைப்பு ஓடியது என்ற பேச்சே இல்லை. வலிக்கிற கை கீழே விழாமல் இருந்தது, அவ்வளவுதான். அதுவும் தன் பலத்தில் நிற்கவில்லை. "என் விசுவாசம் குறைந்துபோச்சு" என்று தனியாக உட்கார்ந்து தன்னையே கடிந்துகொள்கிறவர்களுக்கு இந்த இடத்தைக் காட்ட வேண்டும். மோசேயின் எமுனாவில் பாதிக்கு மேல் மற்ற இரண்டுபேருடையது.

புலம்பல் 3:23இல் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று வரும் உண்மையும் எமுனாதான். ரோமர் 3:3இல் "தேவனுடைய உண்மை" என்பதற்குக் கிரேக்கத்தில் பிஸ்திஸ். ஆக, மனிதனிடத்தில் விசுவாசம் என்று மொழிபெயர்க்கும் சொல்லையே தேவனிடத்தில் வரும்போது உண்மை என்று மொழிபெயர்த்திருக்கிறோம். 'உண்மையாக இருத்தல்' என்று பேச்சிலும் சொல்கிறோமே, அந்தப் பொருளில்.

கிரேக்கப் பக்கம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். யோவான் சுவிசேஷத்தில் பிஸ்திஸ் என்ற பெயர்ச்சொல் ஒரு தடவைகூட இல்லை. அதன் வினைச்சொல் 90 தடவைக்கு மேல் வருகிறது. விசுவாசம் என்ற ஒரு பொருளை வைத்துக்கொண்டு 'என்னிடம் எவ்வளவு இருக்கிறது' என்று அளந்து பார்க்க அந்தச் சுவிசேஷம் இடமே கொடுப்பதில்லை. விசுவாசிக்கிறவன், விசுவாசித்தார்கள், விசுவாசியுங்கள் என்று எல்லாம் நடந்துகொண்டே இருக்கும் செயல்.

இங்கேதான் தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு உதவி செய்கிறது. வேற்றுமை உருபைக் கவனியுங்கள். 'தேவனை விசுவாசிக்கிறேன்' என்றால் அவர் இருக்கிறார், அவர் சொல்வது மெய் என்று ஏற்கிறேன். 'தேவன்மேல் விசுவாசம் வைக்கிறேன்' என்றால் என் பாரத்தை அங்கே இறக்கி வைக்கிறேன். 'தேவனுக்கு விசுவாசமாயிருக்கிறேன்' என்றால் நான் அவரை விட்டுப் போகமாட்டேன். ஐ, மேல், கு. மூன்று உருபுகள், மூன்று அளவு ஆழம். லத்தீனில் எழுதிய பழைய சபை அறிஞர் அகுஸ்தீனும் ஏறக்குறைய இதேபோல மூன்றாகப் பிரித்தார்: கடவுள் உண்டு என்று நம்புதல், கடவுள் சொல்வதை நம்புதல், கடவுளுக்குள் நம்பிச் செல்லுதல். அவர் சொன்னதில் முதல் இரண்டும் நமக்கு 'ஐ'யிலேயே அடங்கிவிடும்.

பெரும்பாலான சிக்கல் முதல் உருபிலேயே நின்றுவிடுவதால் வருகிறது. யாக்கோபு 2:19 அதைத்தான் குத்திக்காட்டுகிறது: தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், நல்லது, "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன". அவையும் 'ஐ' உருபில் தேர்ச்சி பெற்றவைதான்! சில வசனம் தள்ளி, ஆவியில்லாத சரீரம் செத்தது போலக் கிரியையில்லாத விசுவாசமும் செத்தது என்கிறார். ஆவி என்று அங்கே இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு மூச்சு என்றும் பொருள் உண்டு. மூச்சில் வேர்கொண்ட ஒரு சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்பு அந்த வசனத்தில் வைத்திருப்பது தற்செயல் என்றாலும் நல்ல தற்செயல்.

இரண்டாம் உருபிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'மேல் விசுவாசம் வைத்தால் நினைத்தது நடக்கும்' என்ற எண்ணம். நடக்கவில்லை என்றால் விசுவாசம் பத்தவில்லை என்று நோயாளியையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். இப்படிப் பேசுகிறவர்கள் எபிரெயர் 11ஐ அடிக்கடி எடுப்பார்கள், ஆனால் கடைசிவரை வாசிப்பதில்லை. 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள் வருகிறார்கள். மூன்றே வசனம் தள்ளி, 37இல், பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தவர்கள் வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில்தான். தப்பினவனுக்கு அதிகம், வெட்டுப்பட்டவனுக்குக் குறைவு என்று அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. தானியேல் 3இல் அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்றுபேர் "எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர்" என்பதோடு நிறுத்தாமல், விடுவிக்காமற்போனாலும் உமது சிலையைப் பணிவதில்லை என்றார்கள். அந்த 'போனாலும்' இருக்கும் இடம் 'கு' உருபு.

சரி, அப்புறம் தமிழில் எதைச் சொல்வது? பிஸ்திஸுக்கு நம்பிக்கை என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எல்பிஸுக்கு எதிர்நோக்கு என்று கூடவே சொல்வதாக இருந்தால். ஒன்றை மட்டும் மாற்றினால் குழப்பம். ஆனால் நம்பிக்கை 'ஐ', 'மேல்' இரண்டுக்கும் பொருந்துவதுபோல 'கு'வுக்குப் பொருந்துவதில்லை. 'தேவனுக்கு நம்பிக்கையாயிரு' என்றால் காது ஏதோ உறுத்துகிறது என்கிறது. அந்த இடத்துக்குப் பற்றுறுதி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல சொல், பற்றிக்கொள்வதும் உறுதியும் இரண்டுமே உள்ளே இருக்கின்றன. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனியாக எண்ணப்படும் விசுவாசத்துக்கு அது அப்படியே பொருந்தும். பேச்சில் ஏறுமா என்றால், சந்தேகம்தான். விசுவாசத்தை அந்த ஒரு பொருளுக்காகவாவது வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வடசொல் என்பதற்காக விரட்டினால், நாய்க்கும் நண்பனுக்கும் மக்கள் தாராளமாகச் சொல்லும் பொருளும் கூடவே போய்விடும்.

விசுவாசி என்றால் சபையில் உறுப்பினர், விசுவாசப் பிரமாணம் என்றால் அறிக்கை, விசுவாச ஊழியம் என்றால் நிலையான சம்பளமில்லாமல் செய்வது. இவையெல்லாம் வழக்கில் ஊறிவிட்டன, விளக்கம் தேவையில்லை. அவிசுவாசம் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். கிரேக்கத்தில் அதற்கு அபிஸ்தியா. பிஸ்திஸுக்கு முன்னால் ஒரு 'அ' போட்டால் எதிர்மறை. விசுவாசத்துக்கு முன்னாலும் அதே 'அ'. மாற்கு 9:24இல் நோயுற்ற பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடே சத்தமிட்டு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான். ஒரே மூச்சில் இரண்டும். நடுவில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். இயேசு அவனிடம் 'முதலில் அந்த அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா' என்று சொல்லவில்லை. அந்த அளவோடேயே பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.