புலன் வேறு, அறிதிறன் வேறு

கோவில் மண்டபத்து முதியோர் கூட்டமானாலும் வாட்சப்பில் சுற்றும் மருத்துவக் குறிப்பானாலும் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: “புலனுணர்வு வீழ்ச்சி உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்து அதிகம்.” ஏழு சொல்லில் மூன்று கோளாறு: ‘புலனுணர்வு’, ‘வீழ்ச்சி’, ‘மரண ஆபத்து’.

‘புலனுணர்வு’ எந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு என்பதை முதலில் முடித்துவிடலாம். மொரீசியசில் டாக்டர் பிரெஞ்சில் ‘கொக்னிதீஃப்’ என்பார், ஆங்கிலத்தில் ‘காக்னிடிவ்’ என்பார். இரண்டும் ‘கொக்னோஸ்கெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தவை, பொருள், அறிந்துகொள்ளுதல். பிரெஞ்சின் ‘கொனேத்ர்’ அதன் வழி வந்தது. நம் கிரியோலின் ‘மோ பா கொனே’ (எனக்குத் தெரியாது) அதற்கும் பிள்ளை. சந்தையில் நாளெல்லாம் காதில் விழும் ‘கொனே’யும் டாக்டர் வாயில் வரும் சொல்லும் ஒரே குடும்பம். தமிழில் அந்த வேலையை ‘அறி’ செய்கிறது. நினைவு, திட்டமிடுதல் எல்லாம் சேர்ந்த அதற்கு அறிதிறன் என்றால் ஆயிற்று.

பிறகு ‘புலனுணர்வு’ எங்கிருந்து வந்தது? அகராதியைத் திறந்து நீளமான சொல்லைப் பிடித்தவர் கொண்டுவந்தது. மெய், வாய், மூக்கு, கண், செவி ஐந்தும் தருவதுதான் புலனுணர்வு. அந்த ஐந்துக்கும் ஆளுக்கொரு அறிவைக் கொடுத்த பிறகு, ‘ஆறறி வதுவே அவற்றொடு மனனே’ என்று தொல்காப்பியம் மனத்தைத் தனியே நிறுத்துகிறது. அத்தனை காலத்துக்கு முன்பே பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் குழப்பிவிடுகிறார்.

இது வெறும் தூய்மைச் சண்டை இல்லை. டிமென்ஷியாவைத் தடுப்பது பற்றிய லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2020இல் மாற்றக்கூடிய 12 காரணிகளைச் சொன்னது. செவித்திறன் குறைவு அவற்றில் ஒன்று. 2024இல் பார்வையிழப்பையும் கெட்ட கொழுப்பையும் சேர்த்து 14 ஆக்கியது. இதை அந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் எழுதினால் ‘புலன் குறைந்தால் புலனுணர்வு குறையும்’ என்று வரும். காது மந்தமானவருக்குக் காது மந்தமாகும் என்று சொல்லவா ஓர் ஆணைக்குழு? சோதனை செய்யும் இடத்திலும் இதே தொல்லை. மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் இல்லாமல் பாட்டியை உட்காரவைத்தால் மதிப்பெண் இறங்கும்; அறிதிறன் குறைந்ததனால் அல்ல, கேள்வி காதில் விழாததனால். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய தீவில், அதனால் கண் மங்கிய ஒருவரிடம் ‘உங்களுக்குப் புலனுணர்வுக் குறைபாடு’ என்றால் அவர் கண் டாக்டரிடம்தான் போவார். அவர் மேல் தப்பில்லை.

‘மறதி’ என்று எளிமையாகச் சொல்லலாமே என்பார்கள். எளிமை சரி, பொருள் சரியில்லை. மொக்கா என்ற 30 மதிப்பெண் அறிதிறன் சோதனையில் கடிகாரம் வரையும் பகுதி ஒன்று உண்டு: மணி பதினொன்று பத்தைக் காட்ட வேண்டும். வட்டத்துக்கு ஒன்று, எண்களுக்கு ஒன்று, முட்களுக்கு ஒன்று என மூன்று மதிப்பெண். சிலர் வட்டத்தையும் எண்களையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பெரிய முள்ளை 2இல் வைக்காமல் 10க்குக் கொண்டுபோவார்கள். ‘பத்து’ என்ற சொல் கையை இழுத்துவிடுகிறது. சொன்ன நேரம் அவருக்கு மறக்கவில்லை, திட்டமிடுதல் தடுமாறுகிறது. அதை மறதி என்று எப்படிச் சொல்வது?

‘அறிவாற்றல்’ தவறில்லை. ஆனால் ‘அறிவாற்றல் குறைந்தவர்’ என்று ஒரு பெரியவரைச் சொல்லிப் பாருங்கள், வீட்டில் சண்டை வரும்.

அடுத்தது ‘வீழ்ச்சி’. முதியவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதையும் இவர்களே ‘முதியோர் வீழ்ச்சி’ என்று எழுதுகிறார்கள். மேலும் வீழ்ச்சி சட்டென்று நடப்பது. இரண்டொரு நாளில் புத்தி தடுமாறினால் அது வேறு விஷயம். சிறுநீர்த் தொற்றோ புது மாத்திரையோ காரணமாக வரும் சன்னி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது. நாம் பேசும் அறிதிறன் குறைவோ ஆண்டுக்கணக்கில், சந்தனக்கட்டை கல்லில் தேய்வதைப் போலக் குறைவது. ஆகவே அறிதிறன் தேய்வு. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு அது போனால்தான் டாக்டர் ‘தெமான்ஸ்’, அதாவது டிமென்ஷியா, என்பார்.

‘மரண ஆபத்து’ என்றதும் வீட்டார் ஆம்புலன்சைத் தேடுவார்கள். ஆய்வு சொல்வது வெறும் கணக்கு. பேச்சுக்கு, ஒரே வயதில் இரண்டு கூட்டம், ஒன்று அறிதிறன் தேயாதவர்கள், மற்றது தேய்ந்தவர்கள், கூட்டத்துக்கு நூறு பேர். ஐந்தாண்டில் ஒன்றில் 10 பேரும் மற்றதில் 15 பேரும் இறந்தால், ஒன்றரை மடங்கு. அதை ‘150 சதவீத ஆபத்து’ என்று எழுதுகிறவரும் உண்டு. நூறு பேரில் நூற்றைம்பது பேரா சாவார்கள்? ‘இறப்பு வாய்ப்பு’ இன்னும் மோசம், சாவை யாரும் வாய்ப்பு என்று எதிர்பார்ப்பதில்லை. ‘இறப்பு கூடுதல்’ போதும். காரணங்களும் பூடகமில்லை: இன்சுலின் போட்டதை மறந்து மறுபடி போடுவது, போட்டுவிட்டுச் சாப்பிட மறப்பது, நோய் முற்றியபின் விழுங்கும்போது சோறு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வருவது, இடுப்பெலும்பு முறிவது. எதிர்த்திசையிலும் நடக்கும்: இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தால் அறிதிறனும் தளரும்.

இறப்பு நெருங்கும் காலத்தில் சோதனை மதிப்பெண் வேகமாக இறங்குவதை 1962இல் கிளீமையர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். ஆங்கிலத்தில் ‘டெர்மினல் டிராப்’ எனப்படும் அதற்கு ஒரு கணினி மொழிபெயர்ப்பு ‘முனைய வீழ்ச்சி’. போர்ட் லூயி விக்டோரியா பஸ் நிலையத்தில் யாரோ தடுக்கி விழுந்தது போல இருக்கிறது. இறுதிக்காலச் சரிவு என்று எழுதலாம். இங்கே ‘தேய்வு’ பொருந்தாது, இறக்கம் வேகமானது.