13 பேர் ஏறும் வண்டியிலிருந்து எத்தனை பேர் இறங்குவார்கள்?

வியட்நாம் போரைச் சிறு பொம்மைகள் வைத்து மேசைமேல் ஆடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எம்113 கவச வண்டியில் வண்டியை நடத்தும் குழு 2 பேர், ஏறும் வீரர்கள் 11 பேர் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. எங்கள் விதிப்புத்தகமோ 8 பொம்மைக்கு மேல் ஏற்ற விடுவதில்லை. எது சரி?"

இரண்டுமே சரியாக இருக்கலாம். 11 என்பது நகரப் பேருந்தில் எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கை மாதிரி. உள்ளே எத்தனை இருக்கை உண்டு என்று அது சொல்லும். இன்று காலை யார் ஏறினார்கள் என்று சொல்லாது. விளையாடுபவருக்கு வேண்டியது வேறொரு எண். வண்டியும் சண்டை போடும் நிலையில் இருக்க வேண்டும், அதே நேரத்தில் கீழே இறங்கியும் சண்டை போட வேண்டும் என்றால், இறங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணை இருக்கைகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. படை எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்று பார்த்தால்தான் கிடைக்கும்.

வண்டியின் அடிப்படை தெரிந்ததுதான். துப்பாக்கிக் குண்டும் பீரங்கிக் குண்டின் சிதறலும் படாமல் காலாட்படையைச் சண்டை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 1960-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த எம்113 ஓர் அலுமினியப் பெட்டி. எடை 10 டன்னுக்குச் சற்று மேல். வாய்க்காலில் மிதக்கும், சங்கிலிப்பட்டையைச் சுழற்றியே நீந்திவிடும். முன்னால் இடப்பக்கம் ஓட்டுநர், வலப்பக்கம் எஞ்சின். அதற்குப் பின்னால் நடுவில் கமாண்டர். அவர் தலைக்கு மேல் ஒரு திறப்பு, அதில் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி. பின்பகுதியில் பக்கத்துக்கு ஐந்து பேர் எதிரெதிராக உட்காரலாம். கமாண்டருக்குப் பின்னால் இன்னும் ஓர் இருக்கை. ஆக 11.

இதில் முதலில் இடம் பிடிப்பது சாமான். குண்டுப் பெட்டிகள், தண்ணீர் கேன், ரேடியோ, கண்ணிவெடிக்குப் பயந்து தரையில் அடுக்கிய மணல் மூட்டை என்று ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் இடத்தைக் குறைக்கும். அதற்கு மேல் காயம், காய்ச்சல், விடுப்பு. போர்க்களத்தில் ஒரு செக்‌ஷன் (பத்துப் பேர் அளவிலான காலாட்படைச் சிறு பிரிவு) முழு எண்ணிக்கையோடு இருப்பது அபூர்வம். உங்கள் விதிப்புத்தகத்தின் 8 இப்படி வந்திருக்கலாம். சரி, இது எளிதான பகுதி.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. குழு என்றால் யார்? எம்113-இல் கமாண்டரும் இயந்திரத் துப்பாக்கி சுடுபவரும் ஒரே ஆள். சுற்றிலும் பார்ப்பது, ஓட்டுநருக்கு வழி சொல்வது, ரேடியோவில் பேசுவது, சுடுவது எல்லாம் அந்த ஒருவர் வேலை. சுட வேண்டுமென்றால் திறப்பு வழியாக இடுப்புக்கு மேல் வெளியே நிற்க வேண்டும். 13 பேர் பாதுகாப்பாக உட்காரக் கட்டிய பெட்டியில் மிக முக்கியமான ஆள் மட்டும் கவசத்துக்கு வெளியே நிற்கிறார்!

இதன் விலை 1963 ஜனவரி 2-ஆம் தேதி மேகாங் கழிமுகத்தில் உள்ள அப் பாக் கிராமத்தில் தெரிந்தது. 1962-இல் இந்த வண்டிகள் தென் வியட்நாம் படைக்கு வந்த புதிதில், அவற்றைக் கண்டாலே கெரில்லாக்கள் கலைந்து ஓடினார்கள். அப் பாக்கில் ஓடவில்லை. மரவரிசைக்கு அடியில் பதுங்குகுழி வெட்டிக் காத்திருந்தார்கள். கேப்டன் லி டோங் பா தலைமையில் 13 எம்113 வண்டிகள் வாய்க்கால்களைத் தாண்டித் தாண்டி, ஒன்றாகச் சேராமல் சிறு சிறு கூட்டமாக வந்து சேர்ந்தன. மரவரிசையிலிருந்து வந்த குண்டுகள் நேராக அந்தத் திறப்புகளைத் தேடின. வெளியே நின்று சுட்டவர்களில் குறைந்தது 14 பேர் அன்று இறந்தார்கள்.

கமாண்டர் விழுந்ததும் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் வண்டிக்குக் கண், வாய், கை மூன்றும் போய்விடுகின்றன. முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குத் தனக்கு நேரே உள்ள கொஞ்சம் தரைதான் தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் விழுந்தவரைக் கீழே இறக்கிவிட்டு அதே திறப்பில் ஏறி நிற்க வேண்டும். அவருக்கு அந்தத் துப்பாக்கியில் நல்ல பழக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. இப்போது கணக்கைப் பாருங்கள்: வண்டிக் குழு மீண்டும் 2, இறங்கக்கூடியவர்கள் ஒருவர் குறைவு. அடுத்தவரும் விழுந்தால் இன்னொருவர் குறைவு. வண்டிக்கு ஒரு கீறல் கூட விழவில்லை, ஆனால் காலாட்படை உள்ளிருந்தே கரைகிறது. மேசையில் இதைக் கொண்டுவருவது எளிது. கன்னர், அதாவது துப்பாக்கி சுடுபவர், அடிபட்டால் உள்ளே இருக்கும் பொம்மைகளில் ஒன்றை எடுத்து மேலே நிறுத்துங்கள். அந்த முறை வண்டி நகரவும் கூடாது, சுடவும் கூடாது. இந்த ஒரு விதியைச் சேர்த்தாலே அப் பாக் ஆட்டம் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்புறம் தென் வியட்நாம் வீரர்கள் மூழ்கிய கப்பல்களின் தகட்டை வெட்டித் துப்பாக்கிக்குக் கேடயம் பொருத்தினார்கள். 1966-இல் வந்த அமெரிக்காவின் 11-ஆவது கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட் அதைப் பெரிதாக்கியது. கமாண்டரைச் சுற்றிக் கேடயம், பின்பக்க மேல்திறப்பின் இரு ஓரத்திலும் கேடயத்தோடு ஒவ்வொரு எம்60 இயந்திரத் துப்பாக்கி. இதில் வழக்கமாக ஐந்து பேர் போனார்கள், ஐவருமே வண்டிக் குழு. உட்கார இடமிருந்த பகுதியைக் குண்டுப் பெட்டிகள் நிரப்பின. வண்டி அதே எம்113தான், ஆனால் 2+11 என்பது 5+0 ஆகிவிட்டது. இந்த வண்டிக்குள் ஒரு முழுக் காலாட்படை செக்‌ஷனை ஏற்றி ஆடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று. கண்ணிவெடி வெடித்தால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தொடக்ககால வண்டிகள் பெட்ரோலில் ஓடியதால் தீயும் பிடிக்கும். அதனால் வியட்நாமில் பலர் கூரைமேல் உட்கார்ந்தே பயணம் செய்தார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு மேசையில் கவசத்தின் பாதுகாப்பைக் கொடுக்கக் கூடாது.

அடுத்து, ஓட்டுநர் யாருடைய ஆள் என்ற கேள்வி. இரண்டாம் உலகப்போரில் முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப்பட்டையும் கொண்ட எம்3 வண்டியில் 13 பேர் போகலாம். 1943-இன் அமெரிக்கக் கவசக் காலாட்படை செக்‌ஷனில் 12 பேர். ஓட்டுநர் அதில் ஒருவர். ஆக இறங்குவது 11. பிளட்டூன் என்பது சில செக்‌ஷன்கள் சேர்ந்த பிரிவு. அதன் தலைவரான லெப்டினன்ட்டும் ஒரு செக்‌ஷனின் வண்டியிலேயே ஏறிக்கொள்வார், அவருக்கென்று தனி வண்டி கிடையாது. பிளட்டூனுக்கு ஐந்து வண்டிகள்: மூன்றில் ரைபிள் செக்‌ஷன்கள், ஒன்றில் மோர்ட்டார் (குண்டை மேல்நோக்கி எறியும் சிறு பீரங்கி), ஒன்றில் இயந்திரத் துப்பாக்கி.

1944 ஆகஸ்டில் நார்மண்டியில் கனடாவின் ஜெனரல் கை சைமண்ட்ஸ் வேறு வழியில் போனார். நகரும் பீரங்கி வண்டிகளிலிருந்து பீரங்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காலாட்படையை ஏற்றி இரவுத் தாக்குதலுக்கு அனுப்பினார். கங்காரு என்று பெயர் பெற்ற இந்த வண்டிகளின் ஓட்டுநர்கள் அந்தக் காலாட்படையைச் சேர்ந்தவர்கள் அல்ல. இறங்கும்போது செக்‌ஷன் ஒருவர் கூடக் குறையாமல் இறங்கும். வண்டி திரும்பிப் போய்விடும். எம்3 கூடவே நின்று இயந்திரத் துப்பாக்கியால் உதவும், ஆனால் ஆளைத் தின்னும். கங்காரு ஆளைத் தின்னாது, ஆனால் கூட நிற்காது. மேசையில் இந்த இரண்டுக்கும் ஒரே விதி வைப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

போர் முடிகிற சமயத்தில் அமெரிக்கர்கள் எம்44 என்று ஒரு பெரிய வண்டியும் செய்து பார்த்தார்கள். குழு தவிர 24 பேர் ஏறலாம். கைவிட்டுவிட்டார்கள். ஒரு குண்டு பட்டால் பாதி பிளட்டூனுக்கு மேல் போய்விடும் என்பதை யாரும் எளிதில் ஊகிக்கலாம். ஒரு வண்டிக்கு ஒரு செக்‌ஷன் என்ற அளவு அதன்பின் நிலைத்தது.

அந்த அளவைப் பிறகு கலைத்தது வண்டியின் மேல் சுழலும் பீரங்கிக் கூண்டு. சோவியத் பிஎம்பி-1 வண்டியில் குழு 3 பேர், பின்னால் 8 பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவார்கள். கமாண்டர் இருக்கை ஓட்டுநருக்குப் பின்னால். செக்‌ஷன் தலைவரே அவர். இறங்கும்போது அவரும் இறங்கிவிடுவார். ஒற்றை ஆள் கூண்டில் இருக்கும் கன்னர் 73 மி.மீ. பீரங்கியையும் பார்க்க வேண்டும், வண்டியையும் நடத்த வேண்டும். பிஎம்பி-2-இல் கமாண்டரைக் கூண்டுக்குள் கன்னருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கூண்டு பெரிதானது, பின்னால் இரண்டு இருக்கை போயிற்று. முன்னால் கமாண்டர் விட்டுப்போன இருக்கையில் ஒரு வீரர் வந்து உட்கார்ந்தார். 8 என்பது 7 ஆனது. கமாண்டருக்கு நல்ல பார்வை கிடைத்தது, அதற்குக் கொடுத்த விலை ஒரு காலாள். இதே பிஎம்பி-2-ஐத்தான் 'சரத்' என்ற பெயரில் இந்தியாவில், தெலங்கானாவின் மேடக்கில் தயாரித்தார்கள். எஞ்சின் நம்முடைய ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இரு தரப்பிலும் கவசப் படைவண்டிகள் இருந்தன. அந்தப் போரை யாராவது நேர்மையாக மேசையில் ஆட வேண்டுமென்றால் எந்தக் கம்பெனி (சில பிளட்டூன்கள் சேர்ந்த படைப்பிரிவு) எத்தனை பேரோடு கிளம்பியது என்று தெரிய வேண்டும். அது படைப்பிரிவுகளின் போர்க் குறிப்பேடுகளில்தான் இருக்கும். அவற்றை எண்ணியல் வடிவாக்கி எல்லோரும் படிக்கத் திறந்துவிடப் பணம் ஒதுக்க வேண்டும். புதிய ஆயுதத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது மிகச் சிறிய தொகை. ஆராய்ச்சி என்றால் புதிதாகக் கண்டுபிடிப்பது மட்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. பழைய கணக்கைப் பாதுகாப்பதும் ஆராய்ச்சிதான்.

கூண்டு தின்ற இடத்துக்கு அமெரிக்கர்கள் கண்டுபிடித்த தீர்வு ஒரு கூட்டல் கணக்கு. பிராட்லி வண்டியில் குழு 3 பேர். இறங்குபவர்களுக்கு முதலில் 6 இருக்கை, பிறகு வந்த வடிவங்களில் 7. செக்‌ஷனோ 9 பேர். எந்த வண்டியிலும் ஒரு செக்‌ஷன் முழுதாக அடங்காது. அதனால் பிளட்டூனுக்கு நான்கு வண்டி கொடுத்து, 28 இருக்கைகளில் மூன்று செக்‌ஷன்களின் 27 பேரைப் பிரித்து உட்கார வைத்தார்கள். மிச்சம் ஒரே ஓர் இருக்கை. லெப்டினன்ட்டோடு இறங்கும் ரேடியோக்காரர், மருத்துவ உதவியாளர் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆட்டத்தில் ஒரு பிராட்லி எரிந்தால் 7 பொம்மைகளையும் ஒரே செக்‌ஷனிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எரிந்தது எந்த வண்டி என்று பாருங்கள். இரண்டு செக்‌ஷன்கள் பங்கு போட்டுக்கொண்ட வண்டியென்றால் இரண்டுமே ஆளிழந்து, மீதிப் பேர் வேறு வேறு வண்டிகளிலிருந்து இறங்கி ஒருவரையொருவர் தேடிச் சேர வேண்டியிருக்கும். அதற்கு ஒரு முறை ஆட்டம் கழியட்டும்.