உபதேசம் சரியோ எண்டது வவுச்சர் புத்தகத்திலயும் தெரியும்

நான் கொழும்பில ஓடிட் வேலை செய்யிறன், 17 வருஷமாச்சு. கம்பனிகளோட சேத்து சபைகளின்ர கணக்கும் பாக்கிறனான், கொட்டாஞ்சேனையில இருக்கிற சின்னச் சபையில இருந்து காலி ரோட்டில ஹோல் வாடகைக்கு எடுத்து நடத்துற பெரிய ஊழியம் வரைக்கும். நானும் ஒரு விசுவாசிதான், அதால இதை எழுதாம இருக்க மனசு கேக்கேல்ல. ஆக்களை அடையாளம் தெரியக்கூடாதெண்டு சில விவரங்களை விட்டிருக்கிறன்.

ஒரு பாஸ்டரைப் பத்திக் கதை வந்தா எங்கட சனம் முதல்ல கேக்கிறது "உபதேசம் சரியோ?" எண்டுதான். ஞானஸ்நானம், திரித்துவம், ரெண்டாம் வருகை எல்லாம் விசாரிப்பினம். விசாரிக்கத்தான் வேணும். ஆனா பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதேக்க "உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு" எண்டு ரெண்டையும் ஒரே வசனத்திலதான் வைச்சவர், அதிலயும் "உன்னை" எண்டதுதான் முதல்ல வருது.

2022ஆம் ஆண்டுக் கணக்கு ஒண்டு பாக்கேக்க நடந்ததைச் சொல்லுறன். மார்ச் தொடக்கத்தில 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாசம் 360 வரைக்கும் போனது, கேஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் லைனில நிண்ட காலம், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டில இருக்கிற விசுவாசிகள் இங்க உலர் உணவுப் பொதி குடுக்கச் சொல்லி மே மாசக் கடைசியில 3,000 டொலர் அனுப்பியிருக்கினம், புத்தகத்தில 6 லட்சம் எண்டு பதிஞ்சிருக்கு. வெளிநாட்டுக் காசு வந்ததுக்கு பாங்க் குடுக்கிற சீட்டை, பாங்க் அட்வைஸை, கேட்டன், இல்ல. ஏன் எண்டா காசு வந்தது பாஸ்டரின்ர சொந்த எக்கவுண்டுக்கு, அங்கயிருந்துதான் சபை எக்கவுண்டுக்கு 6 லட்சம் மாறியிருக்கு. அண்டைய ரேட்டில 10 லட்சத்துக்கு மேல வந்திருக்க வேணும். மிச்ச 4 லட்சம் சொச்சம் எத்தினை வீட்டு அரிசியும் பருப்பும் பால்மாவும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

செயலாளர் வயசானவர், நல்ல மனுஷன். கதவைச் சாத்திப்போட்டு மெதுவாச் சொன்னார், "தம்பி, கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரில கை வைக்காதீங்கோ, உங்கட குடும்பத்துக்கு நல்லதில்ல."

"ஐயா, நான் அவரில கை வைக்கேல்ல, பாங்க் பேப்பரைத்தான் கேக்கிறன்."

அவருக்குக் கண் கலங்கிப்போச்சு. அந்த மனுஷன் உண்மையாவே பயந்தவர், அதுதான் எனக்கு இண்டைக்கும் நோகுது. அந்தப் பயத்தை ஆரோ வருஷக்கணக்கா மேடையில நிண்டு அவருக்குள்ள போட்டிருக்கினம். செயலாளர் சொன்ன அந்த வசனம் 105ஆம் சங்கீதத்தில வருது, அது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நாடு நாடா அலைஞ்ச காலத்தில ராஜாக்கள் அவைக்குத் தீங்கு செய்யாமக் கர்த்தர் தடுத்ததைச் சொல்லுது, கணக்குக் கேக்கக்கூடாதெண்டு அதில ஒரு சொல்லும் இல்ல. கர்த்தர் அபிஷேகம் பண்ணின ராஜா எண்டு சவுலைத் தொடமாட்டன் எண்ட தாவீதே அவரின்ர சால்வைத் தொங்கலைக் கையில பிடிச்சுக்கொண்டு எல்லாருக்கும் கேக்க நியாயம் கேட்டவர். பிறகு அந்தத் தாவீது பாவம் செய்தப்போ அவரிட்டயே தீர்க்கதரிசி நாத்தான் போய் "நீயே அந்த மனுஷன்" எண்டு முகத்துக்கு நேர சொன்னவர். லூக்கா 6:38ம் அப்பிடித்தான், "கொடுங்கள், அப்பொழுது உங்களுக்கும் கொடுக்கப்படும்" எண்டு காணிக்கை நேரத்தில வாசிப்பினம், அதுக்கு முந்தின வசனம் மற்றவையைத் தீர்ப்புச் செய்யாம மன்னிக்கிறதைப் பத்தினது எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். கோணலான உபதேசம் இருக்கிற இடத்தில வவுச்சரும் காணாமப் போகுது, ரெண்டும் ஒரே வேர்.

நாங்கள் ஓடிட் ரிப்போட்டில அந்த 3,000 டொலர் விஷயத்தை எழுதினம். அடுத்த வருஷம் எங்களைக் கூப்பிடேல்ல.

உபதேசம் நேரா இருந்தா மட்டும் போதும் எண்டும் நினைக்காதேங்கோ. சென்னையில பிறந்த கிறிஸ்தவப் பேச்சாளர் ரவி சக்கரியாஸின்ர பேச்சைக் கேட்டு விசுவாசத்தில நிலைச்சவை கொழும்பிலயும் இருக்கினம், நானும் கேட்டிருக்கிறன். அவர் 2020 மே மாசம் இறந்த பிறகு, அவற்ற ஊழியமே அமர்த்தின சட்ட நிறுவனம் 2021 பெப்ரவரியில குடுத்த அறிக்கையில பாலியல் துஷ்பிரயோகம் மட்டுமில்ல, உதவி நிதி ஒண்டில இருந்து அவருக்கு மசாஜ் செய்த பெண்களுக்குக் காசு போனதும் வந்தது. ஓடிட்டரா எனக்கு அந்த வரிதான் நெஞ்சில குத்திச்சுது, அவற்ற விருப்பத்துக்குச் செலவழிக்கிற நிதி அது, காசு போகேக்க ஆருக்கு, ஏன் எண்டு ஒருத்தராவது விடாமக் கேட்டிருக்க வேணும். அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் கூட்டாளிகளும் 1948இல கலிபோர்னியாவில மொடெஸ்டோ எண்ட ஊரில இருந்து காசு, பெண்கள் விஷயம், உள்ளூர்ச் சபைகளைக் குறைசொல்லுறது, ஆள் கணக்கைக் கூட்டிச் சொல்லுறது எண்ட நாலிலயும் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டவை, வேறை பெண்ணோட தனியச் சாப்பிடப் போறதுமில்ல எண்டு. அதை அளவுக்கு மிஞ்சினது எண்டு சொல்லுறவையும் இருக்கினம், எனக்கு அப்பிடித் தெரியேல்ல. பவுலே எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோகேக்க, சபைகள் தெரிஞ்செடுத்த ஆளையும் கூட்டிக்கொண்டு போனவர், ஒருத்தரும் குற்றம் சொல்லக்கூடாதெண்டு.

ஆகவே உங்கட சபையில காணிக்கையை எண்ணுறது எத்தினை பேர், எண்ணின உடன கையெழுத்து வைக்கினமோ, செக்கில பாஸ்டரும் மனுசியும் மட்டுமோ சைன் பண்ணுறது, வருஷக் கணக்கைச் சபைக்கு வாசிக்கினமோ எண்டு கேளுங்கோ. கேக்கிறது பாவமில்ல.

கொட்டாஞ்சேனைச் சபையில ரெண்டு மூப்பர்மார் ஆராதனை முடிஞ்ச கையோட மேசையில காசைக் கொட்டி, 5,000 தாள் எத்தினை, 20 ரூபாத் தாள் எத்தினை எண்டு தாள் தாளா எழுதி ரெண்டு பேரும் சைன் வைப்பினம். பாஸ்டர் அந்த மேசைக்குக் கிட்டவும் வரமாட்டார். வீட்டு ஜெபத்துக்குப் போன இடத்தில கையில வைக்கிற என்வலப்பையும் திங்கக்கிழமை காலமை பொருளாளர் அக்காட்டக் குடுத்து ரிசீட் எழுதுவிப்பார். போன வருஷப் புத்தகத்தில அப்பிடி 212 ரிசீட் எண்ணினன், ஆகச் சின்னது 100 ரூபா.