வன்னி வெயிலும் வகுப்பறைக் கூரையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கியது. 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் வளாகமாக உருவான வவுனியா, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னியில் உயர்கல்விக் கட்டடங்கள் பெருகும் காலம் இது. அவற்றை வரைபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இங்குள்ள பழைய பள்ளிக்கூட மண்டபங்களை. கிழக்கு மேற்காக நீண்ட கட்டடம், 20 முதல் 25 அடி அகலம், வடக்கிலும் தெற்கிலும் 3 அடி அரைச்சுவர், மேலே ஓடு. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். யூனில் 14 பாகை வடக்கே சாயும், டிசெம்பரில் 33 பாகை தெற்கே சாயும். தெற்கில் இறவாரம், அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரையோரம், 3 அடி நீண்டிருந்தால், டிசெம்பர் நண்பகலிலும் அதன் நிழல் நாலரை அடிக்கு இறங்கும். அரைச்சுவருக்கு மேலுள்ள 4 அடித் திறப்புக்கு அது போதும். மேற்கில் கணக்கு வேறு. பிற்பகல் நாலு மணி வெயில் தாழ்வாக வருவதால் அதே இறவாரம் ஏறத்தாழ 2 அடியைத்தான் மறைக்கும். ஆகவே மேற்குச் சுவரில் யன்னலே வைக்கக்கூடாது.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றான சோளகம் தெற்குத் திறப்பால் நுழைந்து வடக்கால் வெளியேறும். நடுவே நடைபாதை விட்டு இருபுறமும் அறை கட்டினால் இந்த ஓட்டம் அடைபட்டுவிடும். புதிய கட்டடங்களில் வெக்கைக்கு இது ஒரு முக்கிய காரணம். விறாந்தையை வடக்கில் வைப்பது நல்லது. மாரி மழையின் தூவானம் வாடைக் காற்றோடு அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும்.

ஓட்டு இடுக்குகள் வழியே சூடான காற்று மேலேறிப் போகும். தகரமோ சூட்டை அப்படியே தலைமேல் இறக்கும். தகரம்தான் போடவேண்டுமென்றால் கீழே சீலிங் அடித்து, கிழக்கு, மேற்கு முனைச் சுவர்கள் இரண்டின் உச்சியிலும் காற்றுத்துளை விடவேண்டும்.

அடுத்தது தண்ணீர். 100 அடி நீளம், 25 அடி அகலம் உள்ள கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 11,600 லீற்றர் சேரும். கூரைத் தண்ணீரை ஏந்திக் கொண்டுபோகும் பீலி இல்லையென்றால் அவ்வளவும் அத்திவாரத்தின் ஓரத்திலேயே கொட்டும். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கருங்களி நனைந்தால் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். ஓரம் நனைந்து நடு காய்ந்திருக்கையில் அத்திவாரம் சமமின்றி எழும்பும். யன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பு அதன் அடையாளம். கோடையில் மண் காயும் ஆழத்துக்கும் கீழே அத்திவாரம் போகவேண்டும். அதன் மேலே கொங்கிறீற் வளையம் கட்டி, சுவரைச் சுற்றி 3 அடிக்கு வெளிச்சாய்வான சீமெந்துத் தளம் போடவேண்டும்.

வெடிப்பைக் கண்டவுடன் பூசிவிடுவது வீண் செலவு. முதலில் பீலியையும் வடிகாலையும் சரிசெய்து, ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்தபின் அது விரியாமல் நின்றால் மட்டும் பூசலாம்.