காண்டம் போட்ட பிறகும் போகாத பயம்

இந்த வருடத் தொடக்கத்தில் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து என் மேசையில் வைத்தார். எல்லாம் ஒரே இடத்தின் படங்கள். காலையில் எழுந்ததும் ஒன்று, குளித்தபின் ஒன்று, ராத்திரி டார்ச் அடித்து ஒன்று என்று ஐந்து வாரத்துப் படங்கள். "காண்டம் போட்டேன் டாக்டர், கிழியவும் இல்ல. ஆனா இது என்னன்னு பாருங்க" என்றார். குரல் நடுங்கியது.

அவர் காட்டியது ஆண்குறியின் தலை விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன வெள்ளை முத்துகள். நிறைய ஆண்களுக்கு இது பருவ வயதிலிருந்தே உண்டு. நோயும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது, மருந்தும் வேண்டாம். அந்தத் தம்பிக்கும் பல வருடமாக இருந்திருக்கும். அதற்கு முன்னால் அவர் அந்த இடத்தை இப்படி உற்றுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் தோல், பால்வினை நோய் மருத்துவராக இருப்பதால் இப்படிப் பலரைப் பார்க்கிறேன். (யாரும் யாரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பாதுகாப்போடு உறவு கொண்டவர்கள்தான் பல நேரம் அதிகமாகப் பயப்படுகிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. உள்ளே உறுத்துவது நோயைவிட "தப்புப் பண்ணிட்டோமே" என்ற எண்ணம். அந்த எண்ணம் உடம்பில் ஒரு தண்டனையைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஆணுறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிழியாத லேடக்ஸ் உறையை எச்.ஐ.வி. கிருமி தாண்டாது. ஆரம்பம் முதல் முடிவு வரை போட்டிருந்தால் எச்.ஐ.வி., வெட்டை எனப்படும் கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றிலிருந்து அது நல்ல பாதுகாப்பு. ஆனால் உறை மூடாத தோலில் கிருமி இருந்தால் அங்கே அது காவல் நிற்க முடியாது. அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பிஸ், மருவை உண்டாக்கும் எச்.பி.வி., கிரந்திப் புண் எனப்படும் சிபிலிஸ் மூன்றும் தோலோடு தோல் உரசினாலே தொற்றக்கூடியவை. உறை இருந்தால் ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. இன்னொன்றையும் நேராகக் கேட்பேன்: வாய்வழி உறவின்போதும் போட்டிருந்தீர்களா? பாதிப்பேர் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதில் எச்.ஐ.வி.க்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. வெட்டையும் சிபிலிஸும் வரலாம்.

அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் இரண்டு. வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். எண்ணெய் பட்டால் லேடக்ஸ் பலம் இழந்து கிழியும். தண்ணீர் சேர்ந்த ஜெல்தான் சரி. இரண்டாவது, பர்ஸிலும் வண்டி டிக்கியிலும் மாதக்கணக்கில் வைத்திருப்பது. மதுரை வெயிலில் அது வெந்துபோகும்.

பயம் எப்படி நிஜமான புண்ணாக மாறுகிறது என்பதை மேலூர்க்காரர் ஒருவரிடம் பார்த்தேன். உறவுக்கு மறுநாளே டெட்டாலைத் தண்ணீரில் கலந்து கழுவ ஆரம்பித்திருக்கிறார், நாளுக்கு நாலு தடவை. தோல் சிவந்து எரிந்தது. 'ஆரம்பிச்சிடுச்சு' என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் செட்டு மாத்திரை வாங்கி மூன்று நாள் போட்டார். நான்காம் நாள் குறியின் நுனியில் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம், நடுவில் கொப்புளம், அப்புறம் புண். என்னிடம் வரும்போது தன் கதை முடிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்.

அது பால்வினை நோய் இல்லை, மாத்திரை ஒவ்வாமை. சில ஆன்டிபயாட்டிக், சில வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உடம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இப்படி வட்டமாக வரும். உதடும் ஆண்குறி நுனியும் இது அடிக்கடி வரும் இடங்கள். அதே மாத்திரையை மறுபடி போட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். அவரிடம் யோசிக்கச் சொன்னபோது, இரண்டு வருடத்துக்கு முன்பு வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்டபோதும் அங்கே கருத்தது நினைவுக்கு வந்தது. மாத்திரையை நிறுத்தினோம், புண் ஆறியது, ஒரு கருந்தடம் மட்டும் மிச்சம்.

இதே பயத்தில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடை இடுக்கில் பூசி, சாதாரணப் படர்தாமரையை இடுப்பு வரை பரப்பிக்கொண்டு வருபவர்களும் உண்டு. லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, சிட்டையைக்கூடக் காட்டக் கூசுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

அரைகுறை ஆன்டிபயாட்டிக்கில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. நிஜமாகவே நோய் இருந்தால் அறிகுறியை மறைத்துவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். சிபிலிஸ் புண் வலிக்காது, தானாகவும் ஆறிவிடும். ஆறிய புண்ணைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். அதற்குச் சில வாரம் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசி இன்றைக்கும் அதைக் குணமாக்குகிறது. அதேபோல் உறவுக்குப் பின் இரண்டிலிருந்து ஏழு நாளுக்குள் கெட்டியாக மஞ்சள் சீழ் வடிவது, கொத்துக் கொத்தாக வலியோடு நீர்க்கொப்புளம், விதை வீக்கம் இவையெல்லாம் உடனே காட்ட வேண்டியவை.

எச்.ஐ.வி.யை மட்டும் அறிகுறியை வைத்துச் சொல்லவே முடியாது. தொற்றிய இரண்டிலிருந்து நாலு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும். அது எந்த வைரஸ் காய்ச்சலிலும் வருவதுதான். அதனால் கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். அழுத்தினாலே வலிக்கும். காலண்டரில் தேதியைக் குறியுங்கள். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாளில் தெளிவாகச் சொல்லிவிடும். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் உடனடிப் பரிசோதனைக்கு 90 நாள் வேண்டும். சிபிலிஸுக்கும் 90 நாளில் ஒரு தடவை பார்த்துவிடலாம். உறை கிழிந்திருந்தால் கதை வேறு: 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவைப்பட்டால் 28 நாள் தடுப்பு மருந்து தருவார்கள். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

பெண்கள் என்னிடம் குறைவாகத்தான் வருகிறார்கள், வரும்போதும் தாமதமாக. வெள்ளைப்படுதல் எல்லாம் பால்வினை நோய் அல்ல. தயிர் போலத் திரிந்து அரிப்போடு வருவது பெரும்பாலும் பூஞ்சை. சர்க்கரை இருந்தாலும், ஆன்டிபயாட்டிக் போட்டாலும் வரும், யார்மேலும் பழி இல்லை. ஆனால் அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் உடனே காட்டுங்கம்மா. அம்மாவையோ அண்ணியையோ வெளியே உட்காரச் சொல்வது டாக்டர் பொறுப்பு. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பனகல் சாலையில் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போனால் நம்பிக்கை மையம் எங்கே என்று கேளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ரத்தம் எடுப்பதற்கு முன்பும் பின்பும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நேரில் போகத் தயங்கினால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.

திருமங்கலத்துத் தம்பிக்கு 45-ஆம் நாள் முடிவு நெகட்டிவ். 60-ஆம் நாள் மறுபடி வந்தார், அதுவும் நெகட்டிவ். 90-ஆம் நாள் சிபிலிஸும் இல்லை. அதற்கப்புறமும் "இன்னொரு தடவை மட்டும் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று நின்றார். நான் எழுதவில்லை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவர், மூன்று மாதமாக மனைவி பக்கத்தில் படுப்பதில்லை. தன்னைப் பிடிக்கவில்லை போல என்று அந்தப் பொண்ணு அழுகிறதாம். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். "பைத்தியம்னு நினைக்கிறீங்களா?" என்று முகம் சிவந்தது. "இல்லை தம்பி, உங்க ரத்தத்துல ஒண்ணுமில்ல. தூக்கம் இல்லாம இருக்கறதும் அந்த இடத்தையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கறதும்தான் இப்ப உங்களுக்கு இருக்கற நோய், அதுக்கும் மருந்து இருக்கு" என்று அரைமணி நேரம் பேசினேன். போனார்.

அடுத்த வாரம் என்னிடமும் வரச் சொல்லியிருக்கிறேன். ரத்தம் எடுக்க இல்லை, தூங்குகிறாரா என்று கேட்க.